மோதிரக் கை யாருடையது?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். நிரந்தரத் தொழிலாளர்கள் 110 பேர், காண்ட்ராக்டில் 70 பேர். மாலை நேரத்தில் எம்.பி.ஏ. படிக்கிறேன். இந்த வருஷம் பெரிதாகச் சம்பள உயர்வு தர முடியாது, செலவில்லாமல் ஆட்களை உற்சாகப்படுத்த ஏதாவது வழி பாருங்கள் என்று எம்.டி. சொல்லியிருக்கிறார். அதையே ப்ராஜெக்டாகவும் எடுத்துக்கொண்டேன். ஆறு மாதமாக ‘மாதத்தின் சிறந்த தொழிலாளர்’ என்று கேன்டீன் வாசலில் படம் மாட்டி, சான்றிதழ் கொடுக்கிறோம். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. போன மாதம் தேர்வான அண்ணன் என்னிடம் வந்து, “மேடம், தயவுசெஞ்சு அந்தப் படத்தை எடுத்துடுங்க, எல்லாரும் கிண்டல் பண்றாங்க” என்று நின்றார். பணம் சாராத பாராட்டுக்கு உண்மையில் பலன் உண்டா? அதை எப்படி ஆராய்வது? 40 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று தயார் செய்து வைத்திருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் அந்த அண்ணன் உங்கள் மேஜை முன் வந்து நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். கொடுத்த மரியாதையைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க ஒரு மனுஷனுக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்! ஆராய்ச்சியை எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள். அவரிடமிருந்து தொடங்குங்கள். உங்கள் 40 கேள்விக்கும் கிடைக்காத பதிலை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

பணம் சாராத பாராட்டுக்குப் பலன் உண்டா என்றால், உண்டு. 24 வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், கண்ணாரப் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லாப் பாராட்டுக்கும் அந்தப் பலன் கிடையாது. குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ஊரே கொண்டாடினாலும், வசிஷ்டர் வாயால் பிரம்மரிஷி என்று கேட்கிறவரைக்கும் விசுவாமித்திரருக்கு மனம் ஆறவில்லை. வேலையின் அருமை தெரிந்தவர் வாயிலிருந்து வரும்போதுதான் ஒரு சொல்லுக்கு எடை. உங்கள் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவர், அந்த அண்ணன் வேலை செய்யும்போது ஒரு பத்து நிமிஷமாவது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாரா?

நான் இதைக் கற்றுக்கொண்ட இடத்தைச் சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன் பாடிப் பக்கம் ஒரு ஆலைக்கு ஆலோசகராகப் போனேன். புள்ளிகள் சேர்த்தால் பரிசு என்று ஒரு திட்டம் போட்டுக் கொடுப்பதற்காகக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் ஐம்பது வயது தாண்டிய ஒருவர். தட்டில் வரிசையாக இருந்த பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, துளையின் அளவு பார்க்கும் போர் கேஜை உள்ளே விட்டு, டயலைப் பார்த்து, இந்தப் பக்கம் வைப்பார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதும் கை நிற்கவில்லை. கம்பெனி இதுவரை உங்களுக்கு என்னென்ன கொடுத்திருக்கிறது என்று கேட்டேன். பத்து வருஷத்துக்கு ஒரு கடிகாரம், இருபது வருஷத்துக்கு வெள்ளி நாணயம், நடுவில் ஒரு டிபன் கேரியர் என்றார். கடிகாரம் மச்சான் வீட்டில் இருக்கிறதாம். நாணயம் எங்கே என்று நினைவில்லையாம்.

சாப்பாட்டு மணி அடித்ததும் என்னை லாக்கர் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே கதவில் ஒட்டியிருந்த முருகன் படத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறையில் ஒரு துண்டுச் சீட்டு. எண்ணெய்க் கறை படிந்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. ‘12-ம் தேதி நைட் ஷிஃப்டில் 3-ம் நம்பர் மெஷினில் டூல் தேய்வதை, அளவு இன்னும் எல்லைக்குள் இருக்கும்போதே கவனித்து நிறுத்தியிருக்கிறாய். நல்ல கண்.’ கீழே ஃபோர்மேன் கையெழுத்து. யாரையும் வாய் திறந்து பாராட்டாதவர் என்று அந்த ஃபோர்மேன் பெயரெடுத்தவராம். ரிட்டயர் ஆகியே வெகுநாள் ஆகிவிட்டது. “அவரே எழுதினார் மேடம்” என்று சொல்லிவிட்டு, உறையைத் துடைத்து மறுபடி அதே இடத்தில் செருகினார்.

அந்தச் சீட்டில் என்ன இருந்தது என்று அன்று இரவு உட்கார்ந்து யோசித்தேன். தேதி, மெஷின் நம்பர், செய்த காரியம், அது ஏன் பெரிய காரியம் என்கிற காரணம். ‘அளவு இன்னும் எல்லைக்குள் இருக்கும்போதே’ என்ற நான்கு சொற்களை அந்த வேலையை அறிந்தவர் மட்டும்தான் எழுத முடியும். ‘தங்கள் சிறப்பான பணியைப் பாராட்டி’ என்று தொடங்கும் சான்றிதழை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், பெயர் எழுதும் இடம்தான் காலி. அந்தப் புள்ளித் திட்டத்தை நான் அவர்களுக்குப் போட்டுக் கொடுக்கவில்லை.

இனி உங்கள் பலகைக்கு வருகிறேன். தேர்வு எப்படி நடக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலான இடங்களில் இந்த மாதம் மெஷின் ஷாப், அடுத்த மாதம் அசெம்பிளி என்று முறை வைத்துக் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் லீவு போடாதவர் யார் என்று பார்த்துக் கொடுப்பார்கள். இரண்டும் தொழிலாளர்களுக்குத் தெரியும். முறை வைத்துக் கொடுத்தால் அது கோயில் சுண்டல் மாதிரி, கிடைத்ததில் பெருமை இல்லை. லீவு போடாததற்குக் கொடுப்பதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவில் ஐந்து சலவை ஆலைகள் நடத்தும் ஒரு நிறுவனத்தில் ஓர் ஆலையில் மட்டும், தாமதமாக வராதவர்களுக்குக் குலுக்கல் முறையில் பரிசுக் கூப்பன் என்று அறிவித்தார்கள். 2016-ல் வெளியான ஆய்வு இது. நேரத்துக்கு வருகிறவர்கள் கூடினார்கள். ஆனால் தாமதமாகிவிடும் என்று தெரிந்த அன்று, பரிசுத் தகுதி போகாமல் இருக்க உடம்பு சரியில்லை என்று விடுப்பே எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. அதைவிட எனக்கு வலித்தது, யாரும் சொல்லாமலே காலம் காலமாக நேரத்துக்கு வந்துகொண்டிருந்தவர்களின் வேலைவேகம் குறைந்ததுதான். கடைசிக் கணக்கில் ஆலையின் உற்பத்தித்திறன் 1.4 சதவீதம் இறங்கியிருந்தது. தன் சுய கௌரவத்துக்காக ஒருவர் செய்துவந்த காரியத்துக்குப் பக்கத்தில் கூப்பனைக் கொண்டுபோய் வைத்தால், அவர் மனதில் என்னவோ உடைந்துபோகிறது. படம் வரைவதில் ஆசையுள்ள பாலர் பள்ளிக் குழந்தைகளிடம், வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தபோது, பிறகு அவர்கள் தானாக வரைவது குறைந்ததை 1973-லேயே ஸ்டான்ஃபோர்டில் பார்த்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுத்த குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை.

பலன் கொடுத்த ஆய்வும் ஒன்று சொல்ல வேண்டும், உங்கள் ப்ராஜெக்டில் இதைக் கட்டாயம் சேருங்கள். ஜாம்பியா நாட்டின் தலைநகர் லுசாகாவில், எய்ட்ஸ் தடுப்புக்காக முடிதிருத்தும் கடைக்காரர்களைக் கொண்டு பெண்களுக்கான ஆணுறையை விற்கச் செய்தார்கள். சிலருக்கு விற்பனைக்குக் கமிஷன். சிலருக்குப் பணமே கிடையாது, கடைச் சுவரில் வெப்பமானி போல ஓர் அட்டை, விற்க விற்க அதில் நட்சத்திரம் ஏறும். நட்சத்திரக்காரர்கள் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் விற்றார்கள். ஆய்வு 2014-ல் வெளியானது. முடிவெட்ட வந்து உட்காருகிற ஒவ்வொருவரும் அந்த அட்டையைப் பார்க்கிறார், இந்தக் கடைக்காரர் ஊருக்கு நல்லது செய்கிறார் என்று தெரிந்துகொள்கிறார். தான் தினம் முகம் பார்க்கிற ஜனங்களிடம் கிடைக்கிற மதிப்பு அது.

இதை உங்கள் எம்.டி.யிடம் காட்டினால், ‘பார்த்தீர்களா, நட்சத்திரம் போதும்’ என்று அவர் சொல்லக்கூடும். அங்கே நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது. அந்தக் கடைக்காரர்களின் வீட்டு அடுப்பு எரிந்தது முடிவெட்டும் வருமானத்தில், ஆணுறை விற்றது அதற்கு மேல் செய்த காரியம். கூலிக்குப் பதில் நட்சத்திரம் கொடுத்தால் என்ன ஆகும் என்று அந்த ஆய்வு சோதித்துப் பார்க்கவே இல்லை.

சம்பளமும் பாராட்டும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள் அல்ல, இரண்டு வேறு தராசுகள். தீபாவளி போனஸை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்று சட்டமே சொல்கிறது. அது கையில் வந்ததற்காக யாரும் அடுத்த மாதம் கூடுதல் அக்கறையோடு வேலை செய்வதில்லை. வராவிட்டால் கேட்டில் கூட்டம் கூடிவிடும். அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-ல் சொன்னது கிட்டத்தட்ட இதைத்தான். பிட்ஸ்பர்க் பகுதியில் 203 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் உட்கார வைத்து, வேலையில் மிகவும் மகிழ்ந்த ஒரு சமயத்தையும் மிகவும் நொந்துபோன ஒரு சமயத்தையும் சொல்லச் சொன்னார். மகிழ்ந்த கதைகளில் சாதித்ததும், அங்கீகாரம் கிடைத்ததும், வேலையின் ருசியும், பொறுப்பும் வந்தன. நொந்த கதைகளில் கம்பெனியின் விதிமுறை, மேற்பார்வை, சம்பளம், வேலையிடத்தின் நிலைமை வந்தன. நல்லதைத் தன்னாலும் கெட்டதை நிர்வாகத்தாலும் நடந்ததாகச் சொல்வது மனித இயல்புதானே என்று அவரை விமர்சித்தவர்கள் உண்டு, அந்த விமர்சனத்தையும் ப்ராஜெக்டில் எழுதுங்கள். ஆனாலும் எம்.டி.யிடம் நீங்கள் சொல்ல வேண்டியது தெளிவு: இந்த வருஷம் உயர்வு ஏன் இல்லை, எப்போது பரிசீலிக்கப்படும் என்பதைத் தொழிலாளர்களிடம் அவரே நேரில் சொல்லட்டும். அதைச் சொல்லாமல் சான்றிதழை நீட்டினால் அது வாய்ப்பந்தல். அந்தப் பந்தலில் யாருக்கும் நிழல் கிடைக்காது என்பது உங்கள் கேன்டீன் வாசலுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

பாராட்டுக்கு முன்னால் மரியாதை இருக்கிறது. நம் ஊரில் இது பழைய சங்கதி. 1918-ல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய காலத்தில், மதியச் சாப்பாட்டுக்கு நேரம் போதவில்லை, மேலே இருப்பவர்கள் மனுஷனாக நடத்துவதில்லை என்பதும் அவர்களுடைய குறைகளில் சேர்ந்திருந்தது. நூறு வருஷம் கழித்து, 2021-ல், கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்தது. தி.நகர் ஜவுளிக்கடைகளில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றே புடவை விரிக்கும் பெண்களின் கால் வீக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். உட்கார ஒரு ஸ்டூல் இல்லாத இடத்தில் ‘சிறந்த விற்பனையாளர்’ பேட்ஜைக் குத்திவிட்டால், அது குத்தத்தான் செய்யும்.

உங்கள் இடத்தில் அந்த ஸ்டூல் எது என்று தேடுங்கள். காண்ட்ராக்டில் இருக்கும் 70 பேர் வேறு நிறத்தில் சட்டை போடுகிறார்களா? கேன்டீனில் அவர்களுக்கு வேறு நேரமா, வேறு சாப்பாடா? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, அல்லது எல்லாருமே ‘பையா’தானா? ஆறு மாதத்தில் உங்கள் பலகையில் அந்த 70 பேரில் ஒருவருடைய படமாவது ஏறியதா? ஏறவில்லை என்றால், நிரந்தரத் தொழிலாளர்களைக் கௌரவிக்கிற அதே பலகை தினமும் சாப்பிட வரும்போது இவர்களிடம் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆராய்ச்சி முறைக்கு வருகிறேன். அந்த 40 கேள்விகளை விட்டுவிடுங்கள். ‘என் மேலதிகாரி என்னை ஊக்குவிக்கிறார் – முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன்’ என்கிற படிவத்தை ஹெச்.ஆர். கையிலிருந்து வாங்குகிற யாரும் வம்பை விலைக்கு வாங்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் நாலாவது கட்டத்தில் டிக் அடித்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். முப்பது பேரிடம் தனித்தனியாக மூன்று கேள்வி கேளுங்கள், போதும். “நம்ம வேலையை ஒருத்தர் கவனிச்சிருக்காருன்னு தோணின ஒரு நாளைச் சொல்லுங்க, அன்னிக்கு என்ன நடந்தது?” இது முதல் கேள்வி. “நல்லா செஞ்சும் யாரும் கண்டுக்கலையேன்னு இருந்த ஒரு நாள்?” இது இரண்டாவது. மூன்றாவதுதான் முக்கியம்: “உங்க வேலை நல்லா இருக்குன்னு இங்க யார் சொன்னா நம்புவீங்க?” அந்தப் பெயர்களை ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரைந்து பாருங்கள். எல்லா அம்பும் மேனேஜர் பக்கம் போகாது. மெஷினைச் சரியாக அமைத்துக் கொடுக்கும் ஒரு மூத்த செட்டர், ஒரு டூல் ரூம் ஆள், வாரம் ஒரு முறை வரும் வாடிக்கையாளர் தரப்புப் பொறியாளர் என்று எதிர்பாராத இடங்களில் குவியும். உங்கள் கம்பெனியின் மோதிரக் கைகள் அவைதான். இதுவரை யாரும் அவர்களிடம் ஒரு பேனாவைக் கொடுத்து எழுதச் சொன்னதில்லை.

கேட்பவர் நீங்களாக இருக்க வேண்டாம். கழுத்தில் ஹெச்.ஆர். அட்டையோடு போனால் பதில் மாறிவிடும். உடன் படிக்கும் இருவரைக் கேட்கச் சொல்லுங்கள், பெயர் குறிக்காமல், சம்மதம் வாங்கிக்கொண்டு. வடமாநிலத் தொழிலாளர்களிடம் அவர்கள் மொழி தெரிந்தவர் பேசட்டும், காண்ட்ராக்டரின் ஆளை மட்டும் மொழிபெயர்க்க வைத்துவிடாதீர்கள். நைட் ஷிஃப்டை விட்டுவிடாதீர்கள். யாருமே பார்க்காத நேரத்தில் வேலை செய்கிறவர்கள் அவர்கள்தான்.

பிறகு ஒரு சின்ன மாற்றத்தைச் செய்து பாருங்கள். அந்த மோதிரக் கைக்காரர்கள் வாரம் ஒரு சீட்டு, தாங்கள் கண்ணால் பார்த்த ஒரு காரியத்தைப் பற்றி மட்டும் எழுதட்டும். பார்த்தது ஒன்றும் இல்லையென்றால் அந்த வாரம் எழுத வேண்டாம். எல்லா லைனிலும் ஒரே நாளில் தொடங்காமல், இரண்டு லைனில் முதலில், எட்டு வாரம் கழித்து மற்ற இரண்டில் தொடங்குங்கள். அப்போதுதான் ஒப்பிட ஏதாவது இருக்கும். ரிஜெக்‌ஷன், ரீவொர்க் (குறையுள்ள பாகத்தைத் திருத்திச் செய்வது), சொல்லாமல் எடுக்கும் லீவு இந்த மூன்றும் உங்கள் பதிவேட்டிலேயே இருக்கின்றன, போன வருஷத்துக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி, பொங்கல் வாரங்களைக் கணக்கில் சேர்த்தால் எண்கள் தப்பாகப் பேசும்.

வாய்மொழித் தேர்வில் ஹாதார்ன் தொழிற்சாலை ஆய்வு பற்றி நிச்சயம் கேட்பார்கள். சிகாகோ பக்கத்தில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் 1924-ல் விளக்கு வெளிச்சத்தை மாற்றிப் பார்க்கத் தொடங்கினார்கள். கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி ஏறியது, காரணம் தங்களைக் கவனிக்கிறார்கள் என்ற உணர்வு என்று பாடப்புத்தகம் சொல்லும். அசல் தரவுகளைத் தேடியெடுத்து மறுபடி ஆராய்ந்த இரண்டு பொருளாதார அறிஞர்கள், கதை அவ்வளவு சுத்தமாக இல்லை என்று 2011-ல் காட்டினார்கள். இரண்டையும் சொல்லுங்கள். உங்களுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு எச்சரிக்கை உண்டு: நீங்கள் நோட்டும் கையுமாக லைனில் நடக்கத் தொடங்கினாலே முதல் இரண்டு வாரம் எல்லாம் நன்றாகத் தெரியும். அந்த இரண்டு வாரத்து எண்ணை எம்.டி.யிடம் கொண்டுபோய்க் காட்டிவிடாதீர்கள்.

சீட்டு கிடைக்காதவர்கள் மனம் வாடுமே என்று தோன்றும். 2016-ல் வெளியான இன்னொரு ஆய்வில், தரவுப்பதிவு வேலைக்கு வந்த முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் சில குழுக்களில் நன்றி அட்டை கொடுத்தபோது, வேலை கூடியது பெரும்பாலும் அட்டை கிடைக்காதவர்களிடம்தான். மற்றவர்கள் அளவுக்கு நாமும் எட்டிப்பிடிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் ஜாம்பியாவில் சுகாதாரப் பணியாளர் பயிற்சியில் ஒருவரோடொருவரை ஒப்பிட்டு வரிசைப்படுத்திக் காட்டியபோது மதிப்பெண் குறைந்தது, அதிலும் பின்தங்கியிருந்தவர்களுக்கு அதிகம். அதனால் முதல், இரண்டாம், மூன்றாம் என்று ஒட்டாதீர்கள்.

ஆயுத பூஜையன்று சில ஆலைகளில் குடும்பத்தைக் கூட்டிவரச் சொல்வார்கள். துடைத்துப் பளபளவென்று சந்தனம் வைத்த மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, “இதுதான் அப்பா ஓட்டுறது” என்று பிள்ளைக்குக் காட்டுகிற முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டீர்கள் என்றால் உங்கள் தலைப்பு என்னவென்று புரிந்துவிடும். உங்கள் கம்பெனியில் அந்த வழக்கம் இல்லையென்றால் கேட்டுப் பாருங்கள். காண்ட்ராக்ட் ஆட்களின் குடும்பமும் வரலாம் என்று சேர்த்துக் கேளுங்கள்.

அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. நாளைக் காலை முதல் ஷிஃப்ட் வருவதற்குள் அந்த அண்ணனின் படத்தை எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டேன் என்று நீங்களே அவர் மெஷினுக்குப் போய்ச் சொல்லுங்கள். போன மாதம் செய்ததிலேயே நல்ல வேலை என்று அவர் எதை நினைக்கிறார், அதை யார் பார்த்தார்கள் என்று கேளுங்கள். சொன்னால் கேட்டுக்கொண்டு, திரும்பி வந்து எழுதி வையுங்கள்.